யாரை முதலில் பார்ப்பது? நர்சிங் படிப்பின் இறுதி ஆண்டு கற்றுத் தந்தவை

நர்சிங் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளில் எல்லோரும் கேட்பது, “உனக்கு இதைச் செய்யத் தெரியுமா?” என்பதைத்தான். நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றத் தெரியுமா, ரத்த அழுத்தம் பார்க்கத் தெரியுமா, தசையில் ஊசி போடத் தெரியுமா, மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் இறக்கத் தெரியுமா. ஆய்வகத்தில் பொம்மையை வைத்துப் பழகி, வார்டில் ஆசிரியை பக்கத்தில் நிற்க ஒருமுறை செய்து காட்டி, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது. மூன்றாம் ஆண்டைத் தாண்டும்போது கேள்வி மாறிவிடுகிறது. முப்பது பேர் படுத்திருக்கும் வார்டுக்குள் நுழைகிறாய்; இவர்களில் யாரை முதலில் பார்ப்பாய்? கண்ணில் பட்ட மாற்றத்தை யாரிடம், எப்படிச் சொல்வாய்? இந்தக் கேள்விக்குப் பதிவேட்டில் இடமே கிடையாது.

நான் படித்தது ஆண்டுமுறை இருந்த காலத்தில். போஸ்டிங் எனப்படும் வார்டுப் பயிற்சி பெரும்பாலும் அரசு மருத்துவமனையில்தான். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த புதிய பாடத்திட்டத்தில் எட்டு செமஸ்டர்கள்; எட்டாவது செமஸ்டர் இன்டர்ன்ஷிப், 22 வாரங்கள், வாரத்துக்கு 48 மணி நேரம். முறை மாறினாலும் வார்டு மாறவில்லை. இப்போது நான் வேலை பார்க்கும் இடத்துக்கும் இறுதி ஆண்டு மாணவ மாணவிகள் வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் பார்த்த நோயாளிகளின் கணக்கை எழுதும் கேஸ் புக்கை நிரப்பும் அவசரத்தில் அவர்கள் கைவிட்டுப் போகும் சில விஷயங்களைப் பார்க்கும்போது மனது அடித்துக்கொள்கிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், மூச்சை எண்ணுங்கள்

எந்த வார்டின் சார்ட்டை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். காய்ச்சல் அளவு ஆளுக்கு ஆள் மாறும், நாடித்துடிப்பு மாறும், சுவாச எண்ணிக்கை மட்டும் வரிசையாக எல்லோருக்கும் 20, 22, 20 என்று இருக்கும். முப்பது மனிதர்கள் ஒரே மாதிரி மூச்சு விடுவதில்லை. யாரும் எண்ணவில்லை என்பதுதான் அதன் பொருள். உடல் மோசமாகப் போகும்போது பல நேரங்களில் முதலில் மாறுவது இந்த எண்தான். ரத்த அழுத்தம் கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டுப் பிறகு சடாரென்று விழும். மூச்சு மணிக்கணக்கில் முன்பே எச்சரித்துக்கொண்டிருக்கும்.

ஆண்கள் மருத்துவ வார்டில் இரவுப் பணியில் இதை நேரில் கண்டேன். நிமோனியாவுக்காகச் சேர்ந்திருந்த பெரியவர், அறுபதைத் தாண்டியவர். பகலில் மகளோடு பேசிக்கொண்டிருந்தவர் நள்ளிரவுக்குப் பிறகு படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் புரண்டுகொண்டிருந்தார். போர்வையின் ஓரத்தை விரல்களால் பிசைந்துகொண்டே இருந்தார். பல்ஸ் ஆக்சிமீட்டர் 93 காட்டியது, ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தது, ரத்த அழுத்தம் சரியாகவே இருந்தது. “தூக்கம் வராமல் இப்படிச் செய்கிறார் சிஸ்டர், ஏதாவது மாத்திரை கொடுங்கள்” என்றார் மகள். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல வைத்துக்கொண்டே மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன். 34. மாலையில் எழுதப்பட்டிருந்தது 22. “என்ன ஊர் ஐயா?” என்று கேட்டேன். பத்து வருடங்களுக்கு முன் விட்டுவந்த ஊரின் பெயரைச் சொல்லி, பஸ் வந்துவிட்டதா என்றார். மகளின் முகம் மாறிவிட்டது.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் ஓடினேன். அவர் வந்து பார்த்துவிட்டு, தொலைபேசியை என் கையில் கொடுத்தார். “நீயே பேசு. நீ யார், எந்த வார்டு, எந்த நோயாளி, என்ன மாறியிருக்கிறது, உனக்கு என்ன வேண்டும். இந்த வரிசையில் சொல்” என்றார். நான் சொன்னது ஏறத்தாழ இதுதான்: “சார், ஆண்கள் மருத்துவ வார்டிலிருந்து இறுதி ஆண்டு மாணவி பேசுகிறேன். நிமோனியாவுக்காக நேற்று சேர்ந்த பெரியவர். மாலை சுவாசம் 22, இப்போது 34. ஆக்சிஜனோடு 93. புதிதாகக் குழப்பம், இடம் தெரியவில்லை. நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்.” அரை நிமிடம்கூட ஆகவில்லை. மருத்துவர் வந்தார், அந்த இரவிலேயே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அந்த நோயாளிக்குத் தூக்க மாத்திரை கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வயதானவர் திடீரென்று குழம்பினால், படபடத்தால், அது குணம் மாறியதால் என்று எண்ணாதீர்கள்; ஆக்சிஜன் குறைகிறதா, சர்க்கரை இறங்கியிருக்கிறதா, சிறுநீர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொலைபேசியில், “சார், பேஷன்ட்டுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது” என்று மட்டும் சொன்னால், ஐந்து வார்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் டியூட்டி டாக்டருக்கு அவசரம் புரியாது. மாலை எவ்வளவு, இப்போது எவ்வளவு என்ற இரண்டு எண்களைச் சேர்த்துச் சொல்லுங்கள். முடிவில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை வெளிப்படையாகக் கேளுங்கள். மாணவியாக இருந்துகொண்டு மருத்துவரை “வாருங்கள்” என்று அழைப்பதா என்று தயங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தயக்கம் உடைய வேண்டிய இடம் இறுதி ஆண்டுதான்.

பிரசவ வார்டு

இறுதி ஆண்டின் பெரும் பயமும் பெரும் ஆசையும் பிரசவ வார்டுதான். நாங்கள் படித்தபோது, மேற்பார்வையில் 20 சுகப்பிரசவம் பார்த்து கேஸ் புக்கில் எழுத வேண்டும். கர்ப்ப காலப் பரிசோதனை, பிரசவத்துக்குப் பின் பராமரிப்பு, பச்சிளம் குழந்தைப் பராமரிப்பு எனத் தனித்தனிக் கணக்குகள். ஒரே வார்டில் இரண்டு மூன்று கல்லூரிகளின் மாணவிகள், பயிற்சி மருத்துவர்கள், எல்லோருக்கும் கேஸ் வேண்டும். தலை தெரியும் நேரத்துக்கு ஓடிவந்து குழந்தையை வாங்கிவிட்டு, எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்கு ஓடுவது பழக்கமாகிவிடுகிறது. எண்ணிக்கை முக்கியம்தான், தேர்வு எழுத அது வேண்டும். ஆனால் சில தாய்மார்களையாவது சேர்க்கையிலிருந்து பிரசவமாகி இரண்டு மணி நேரம் ஆகும்வரை விட்டு நகராமல் பாருங்கள். பிரசவம் என்றால் என்ன என்று அப்போதுதான் விளங்கும்.

அப்படி உட்கார்ந்து பார்க்கும்போதுதான் பிரசவம் முன்னேறுவதை நேரத்தோடு சேர்த்து வரைந்து காட்டும் பார்ட்டோகிராப் தாளின் அருமை தெரியும். கர்ப்பப்பை வாய் விரியும் வேகத்தை வரைபடமாக்கலாம் என்று 1954-ல் காட்டியவர் அமெரிக்க மருத்துவர் இம்மானுவேல் ஃப்ரீட்மேன். 1972-ல் ஃபில்பாட்டும் காசிலும் அதில் எச்சரிக்கைக் கோடு, செயல் கோடு என்று இரண்டு கோடுகளைச் சேர்த்தார்கள். அவர்கள் வேலை பார்த்தது அன்றைய ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே); தொலைவில் இருக்கும் மருத்துவச்சி ஒரு தாயை எந்த நேரத்தில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று அந்தக் கோடு சொல்ல வேண்டும் என்பது நோக்கம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட புதிய பிரசவப் பராமரிப்புத் தாளில், கர்ப்பப்பை வாய் விரிவதில் முன்பு 4 செ.மீ. என்றிருந்த தீவிர நிலையின் (பிரசவம் வேகமெடுக்கும் கட்டத்தின்) தொடக்கம் 5 செ.மீ. ஆகியிருக்கிறது. இத்தனை பேர் இத்தனை காலம் யோசித்து உருவாக்கிய தாளை, குழந்தை பிறந்த பிறகு உட்கார்ந்து அழகாகக் கோடு போட்டு நிரப்பும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்படி நிரப்பிய தாள் யாரையும் காப்பாற்றியதில்லை. அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டு, அந்த நேரத்திலேயே புள்ளி வையுங்கள். கோடு வலப்பக்கம் சாயத் தொடங்கினால், அது சாய்வதை நீங்கள்தான் முதலில் பார்ப்பீர்கள்.

குழந்தை பிறந்தவுடன் எல்லோருடைய கண்ணும் குழந்தையின் மேல் போய்விடும். பிறந்த குழந்தையின் மூச்சு, இதயத்துடிப்பு, நிறம் போன்றவற்றுக்கு எண் கொடுத்துக் கூட்டும் ஆப்கார் மதிப்பெண்ணை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவிகள்கூட ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அழாத குழந்தைக்கு ஒரு நிமிட மதிப்பெண் போடும்வரை காத்திருக்கக் கூடாது. துடைத்து, சூடாக வைத்து, தூண்டிப் பார்த்து, மூச்சு வராவிட்டால் அந்த முதல் நிமிடத்துக்குள்ளேயே பை-முகமூடி வைத்து மூச்சு கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும். மயக்கவியல் மருத்துவர் விர்ஜினியா ஆப்கார் 1952-ல் அந்த முறையை முன்வைத்தது, குழந்தையை யாரும் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது என்பதற்காக. புத்துயிர் கொடுக்கும் முடிவு அந்தக் கூட்டலுக்காகக் காத்திருப்பதில்லை.

தாயை மறக்கக் கூடாது என்பதை எனக்குக் கற்றுத் தந்தது மூன்றாம் பிரசவம் முடிந்து கண்காணிப்பில் இருந்த ஒரு பெண். கனமான குழந்தை, சிக்கலில்லாத பிரசவம். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போட்டாயிற்று, நஞ்சுக்கொடி முழுதாக வந்தாயிற்று. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் பொறுப்பு என்னுடையது. பேட் அவ்வளவாக நனையவில்லை. ரத்த அழுத்தம் 110/70. ஆனால், “குளிர்கிறது பாப்பா, இன்னொரு போர்வை இருக்கிறதா?” என்றார். வெளியே நல்ல சித்திரை வெயில். நாடி 118. எங்கள் வார்டு சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தபடி அவர் இடுப்புக்குக் கீழே கையை விட்டேன். விரிப்புக்கும் ரப்பர் ஷீட்டுக்கும் நடுவே வெதுவெதுப்பாகக் குளம் கட்டியிருந்தது. ரத்தம் பேட்டில் தங்காமல் பின்பக்கமாக வழிந்து முதுகுக்கு அடியில் சேர்ந்திருக்கிறது. தொப்புளுக்கு அருகில் கையை வைத்தால், கிரிக்கெட் பந்து போல இறுகி இருக்க வேண்டிய கர்ப்பப்பை கைக்கே அகப்படவில்லை.

குரல் கொடுத்துக்கொண்டே கர்ப்பப்பையைத் தேய்க்கத் தொடங்கினேன். அடுத்த இரண்டு நிமிடங்களில் நான்கு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் இரண்டாவது கையில் பெரிய ஊசியில் லைன் போட்டார். ஒருவர் சிறுநீர்ப்பையைக் காலி செய்தார், நிரம்பிய சிறுநீர்ப்பை கர்ப்பப்பையைச் சுருங்கவிடாது. ஆக்ஸிடோசின் சொட்டு ஏறியது, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் போனது. அந்த மருந்தைப் பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கர்ப்பப்பை கையின் கீழே இறுகியது. அந்த இறுக்கத்தை உணர்ந்த கை அதை ஒருநாளும் மறக்காது.

இளம் பெண்ணின் உடல் அரை லிட்டர், முக்கால் லிட்டர் ரத்தம் போனாலும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். 110/70 என்ற எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். நாடியை, குளிரை, தாகத்தை, முதுகுக்கு அடியில் இருப்பதைப் பாருங்கள்.

வலிப்பு வரக்கூடிய அளவுக்கு ரத்த அழுத்தம் ஏறிய தாய்மார்களுக்கு வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் கொடுக்கும்போதும் இதே கண்காணிப்புதான் உயிர். அடுத்த டோஸ் போடும் முன் மூன்றைப் பார்த்தாக வேண்டும்: முழங்கால் அனிச்சை (தட்டினால் கால் உதறுவது) இருக்கிறதா, சுவாசம் நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, கடந்த நான்கு மணி நேரமாகச் சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் குறையாமல் வருகிறதா. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மருந்தைக் கையில் எடுக்காதீர்கள், மருத்துவரை அழையுங்கள். முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி ஆம்பூல் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அலமாரியில் இருப்பதும் பக்கத்தில் இருப்பதும் ஒன்றல்ல.

பிரசவ வார்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வலியில் கத்தும் பெண்ணை அதட்டுவது, தொடையில் தட்டுவது, கொச்சையாகப் பேசுவது எல்லாம் நடக்கின்றன. பார்த்திருக்கிறேன், பார்த்து அழுதிருக்கிறேன். மத்திய அரசு பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017-ல் தொடங்கிய லக்ஷ்யா திட்டம், கண்ணியமான பிரசவப் பராமரிப்பைத் தரத்தின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணை உடனிருக்க அனுமதி உண்டு. அந்த அம்மாவையோ அத்தையையோ மூலையில் நிற்க வைக்காதீர்கள். இடுப்பைத் தடவிவிடச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள். பரிசோதிக்கும் முன், “அக்கா, இப்போது கையை வைத்துப் பார்க்கப் போகிறேன், கொஞ்சம் வலிக்கும், மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள்” என்று சொல்ல ஐந்து விநாடிகள் போதும். மூத்தவர்களில் சிலர் இப்படிப் பேசுபவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இருபது வருடம் கழித்தும் ஒரு பெண் தன் பிரசவத்தைப் பற்றிச் சொல்லும்போது, அன்று பக்கத்தில் நின்ற நர்ஸ் எப்படிப் பேசினார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

மருந்துத் தள்ளுவண்டி

கணக்கு வராது என்று நர்சிங் எடுத்தவர்கள் உண்டு. வண்டியின் முன் நின்றால் கணக்கில்லாமல் ஒரு மருந்தும் நகராது. 500 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் போக வேண்டும். சொட்டு இறங்கும் குழாயான செட்டின் உறையில் 1 மில்லிக்கு 20 சொட்டு என்று அச்சிட்டிருக்கிறது. 500-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடங்களால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 21 சொட்டு. உறையைப் படிக்காமல் கணக்குப் போடாதீர்கள்; எல்லா செட்டும் 20 அல்ல. குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60 சொட்டு ஒரு மில்லி என்பதால், மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. இது ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் குழந்தைகள் வார்டில் பாதி பதற்றம் குறையும்.

இன்சுலினை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மருத்துவமனைகளில் பரவலாகப் புழங்குவது ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பி. அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ளதும் வருகிறது; அதற்கு ஆரஞ்சு மூடி. 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 50 யூனிட். நோயாளி தூக்கத்திலேயே மயங்கிவிடுவார், தூங்குகிறார் என்றே எல்லோரும் நினைப்பார்கள். குப்பியில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் வாய்விட்டுப் படித்து, பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். வாய்விட்டுப் படிப்பது சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றலாம். நல்ல வார்டுகளில் முப்பது வருட அனுபவமுள்ள சிஸ்டர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் பார்ப்பதற்கு ஊசிக்குக் கலக்கும் நீர் போலவே தெளிவாக இருக்கும். அதை நேராக ரத்தக்குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். எப்போதும் பாட்டிலில் கலந்து, மெதுவாகத்தான். இரண்டையும் ஒரே டிரேயில் பார்த்தால், யார் வைத்ததாக இருந்தாலும் பிரித்து வையுங்கள். மாணவிக்கு அதற்கு உரிமை உண்டு.

ஊசி குத்திக்கொண்டால் மறைக்காதீர்கள். திட்டுவார்களே என்று பயந்து கையுறைக்குள் ரத்தத்தை ஒளித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிசையாதீர்கள், உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றையும் போட்டு, எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்து வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கல்லூரி கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வீடும், பேசாத மனிதரும்

சமூக நலப் போஸ்டிங்கை ஓய்வுக் காலம் என்று நினைப்பவர்கள் பாவம். கிராம சுகாதார செவிலியரோடு பையை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்த நாட்களில்தான், வார்டில் கொடுத்த மாத்திரைக்கு வீட்டில் என்ன கதி என்று கண்டேன். ஒரு பாட்டியிடம், “மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” என்றேன். “அதெல்லாம் தவறாமல்” என்றார். என்னோடு வந்த கிராம சுகாதார செவிலியர், “நேற்றுச் சாப்பிட்டதை எடுத்துக் காட்டுங்கள் அம்மாச்சி” என்றார். ஒரு மஞ்சள் பை வந்தது. உள்ளே மூன்று மருத்துவமனைகளின் மாத்திரைகள், ஒரே மருந்து இரண்டு பெயர்களில், பாதி அட்டைகள் பிரிக்கப்படவே இல்லை. தலை வலிக்கும் நாளில் மட்டும் பிரஷர் மாத்திரை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை இப்போது வாசலுக்கே வந்துவிடுகிறது. அது வயிற்றுக்குள் போகிறதா என்பதை யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். அன்றிலிருந்து ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியை நான் கேட்பதில்லை. எடுத்துக் காட்டச் சொல்கிறேன், போட்டுக் காட்டச் சொல்கிறேன். அந்தத் தெருவிலேயே குளிர்சாதனப் பெட்டி இல்லாத ஒரு வீட்டில், ஈர மணல் நிரப்பிய பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து அதில் இன்சுலினைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அவர்களிடம் நான் கற்றதுதான் அதிகம்.

மனநலப் போஸ்டிங்குக்குத் தமிழ்நாட்டின் பல கல்லூரிகளிலிருந்து சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்குத்தான் வருவார்கள். 1794-லிருந்து வரலாறு உள்ள இடம். பயந்துகொண்டே உள்ளே போன நாங்கள், திரும்பும்போது அழுதுகொண்டே திரும்பினோம். அங்கே எழுதச் சொல்லும் உரையாடல் பதிவு பலருக்கும் சலிப்பு: நோயாளி என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், அப்போது எனக்குள் என்ன ஓடியது என்று மூன்று பத்திகள். அதை உண்மையாக எழுதிப் பாருங்கள். நம் பேச்சில் பாதி, நோயாளியின் அமைதியைத் தாங்க முடியாமல் நாம் கொட்டும் சொற்கள் என்பது தெரியவரும். பேசாத ஒருவருக்குப் பக்கத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்காரப் பழகியது எனக்குப் பிறகு எல்லா வார்டிலும் கைகொடுத்தது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயமும் அங்கேதான் போயிற்று. அப்படி விதைப்பதில்லை, கேட்டதும் பெரும்பாலும் அவர்கள் முகத்தில் ஒரு தளர்வு வருகிறது. கேட்ட பிறகு தனியாக விடாமல், உடனே குழுவிடம் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்துகொடுத்துவிடாதீர்கள்.

எழுதுவதும் ஒப்படைப்பதும்

எழுதாததைச் செய்யாததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும் என்று வகுப்பில் சொல்வார்கள். எப்படி எழுதுவது என்பதை வார்டுதான் சொல்லித் தரும். “நோயாளி நலம்” என்று எழுதாதீர்கள். நேரம், என்ன பார்த்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார், பிறகு என்ன ஆனது. மருத்துவரை இரண்டு முறை அழைத்திருந்தால் இரண்டு நேரங்களையும் எழுதுங்கள். தப்பாக எழுதியதை வெள்ளை மை கொண்டு மறைக்காமல் ஒரு கோடு போட்டு அடித்துக் கையெழுத்திடுங்கள்.

நோயாளி இறந்துபோனால், அந்த அழுகையின் நடுவே நகைகளைக் கழற்றி உறவினரிடம் ஒப்படைக்க வேண்டி வரும். அதைத் தனியாகச் செய்யக் கூடாது. இன்னொரு பணியாளர் சாட்சியாக இருக்க வேண்டும். பதிவில் “தங்கச் சங்கிலி” என்று எழுத மாட்டார்கள், “மஞ்சள் நிற உலோகச் சங்கிலி ஒன்று” என்றுதான் எழுதுவார்கள். அது தங்கம்தானா என்று சொல்லும் இடத்தில் நாம் இல்லை. தாலியைக் கழற்றும் முன் குடும்பத்தாரிடம் கேளுங்கள். கணவரோ மகளோ தாங்களே கழற்றிக்கொள்கிறோம் என்பார்கள். அதற்காக ஐந்து நிமிடம் திரைக்கு வெளியே நின்றால் வார்டு ஒன்றும் கெட்டுப்போகாது. டியூப்களை எடுத்து, முகத்தைத் துடைத்து, கண்களை மூடி, தாடையைக் கட்டும் வேலையை முதல் ஆண்டுப் பிள்ளைகள் பயந்துகொண்டு பார்ப்பார்கள். அவர்களைத் துரத்தாமல் பக்கத்தில் நிறுத்தி, இறந்தவரிடமும் “ஐயா, கையைத் திருப்புகிறேன்” என்று சொல்லிவிட்டே செய்யுங்கள். எனக்கு என் சீனியர் அக்கா அப்படித்தான் காட்டினார்.

இறுதி ஆண்டில் உங்களைப் பார்த்துக் கற்பவர்கள் இருக்கிறார்கள் என்பது பெரிய பொறுப்பு. ஜூனியர் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், “தெரியாது, வா, இரண்டு பேரும் கேட்போம்” என்று சொல்லி சிஸ்டரிடம் கூட்டிப் போங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும் ஒருவரிடமிருந்துதான் தவறான பழக்கம் பத்துப் பேருக்குப் பரவுகிறது.

படிப்பு முடியும் தறுவாயில் செய்ய வேண்டியவை சில. கேஸ் புக், பயிற்சிச் சான்றிதழ்கள், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் நகலெடுத்து வீட்டில் ஒரு தொகுப்பு வையுங்கள். வெளிநாடு போகிறவர்களிடம் பயிற்சி மணி நேரக் கணக்குவரை கேட்பார்கள், அப்போது கல்லூரிக்கு அலைவது கொடுமை. தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் கவுன்சிலில் பதிவு செய்யாமல் எந்த இடத்திலும் நர்ஸாக வேலைக்குச் சேராதீர்கள். எவ்வளவு கெஞ்சினாலும், “பதிவு பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று எந்த நிர்வாகம் சொன்னாலும் வேண்டாம்.

வேலையில் சேர்ந்த முதல் நாள், நோயாளிகளைப் பற்றிக் கேட்கும் முன் வார்டைச் சுற்றி வாருங்கள். அவசர மருந்து வண்டி எங்கே நிற்கிறது, அதன் பூட்டை யார் திறப்பார், உறிஞ்சும் கருவியைப் போட்டால் இழுக்கிறதா, மூச்சு கொடுக்கும் பையின் (Ambu bag) முகமூடி சரியான அளவில் இருக்கிறதா, ரத்த வங்கியின் தொலைபேசி எண் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் சாவி எங்கே தொங்குகிறது என்று கேளுங்கள். கேட்டதோடு விடாமல், ஒருமுறை கையில் எடுத்துத் திறந்து மூடிப் பாருங்கள்.